தங்கத் தகட்டில் வந்த கடிதம்

வல்லரசுகளுக்கு நடுவே சந்திரகிரி நடத்திய ராஜதந்திரம்

1614-ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில், மசூலிப்பட்டினத்தில் இருந்த ஆங்கிலக் கும்பினி வணிகர்களைத் தேடி நான்கு தூதர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கையில் தங்கத் தகட்டில் எழுதிய ஒரு கடிதம் இருந்தது. கூடவே ஒரு வெள்ளைத் துணி. அதில் சந்தனத்தில் தோய்த்துப் பதித்த உள்ளங்கை அச்சு. அந்தக் கைக்குரியவர் விஜயநகரப் பேரரசர் இரண்டாம் வேங்கடபதி ராயர். முத்திரை மோதிரத்தின் வேலையைத் தன் கையாலேயே செய்திருந்தார் அவர்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பழவேற்காட்டில் உங்களைத் திருப்பி அனுப்பியது தவறு, அதற்கு வருந்துகிறேன். என் நாட்டில் உங்களுக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள், வீடோ கோட்டையோ கட்டிக்கொள்ளுங்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம். வருமானத்துக்கு ஒரு ஊரையும் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். கும்பினிக்காக வந்திருந்த பீட்டர் ஃப்ளோரிஸ் என்ற வணிகர் தன் நாட்குறிப்பில் இதையெல்லாம் குறித்து வைத்ததால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

ஒரு பேரரசர் வெளிநாட்டு வணிகர்களிடம் வருத்தம் தெரிவிக்கிறார். இடம் தருகிறேன், வாருங்கள் என்று தானே அழைக்கிறார். இதைப் படிக்கும் பலருக்கும் முதலில் கோபம்தான் வரும். ‘அன்றைக்கே வீட்டைத் திறந்துவிட்டார்களே’ என்று தோன்றும். பள்ளிக்கூடத்திலிருந்து நமக்குச் சொல்லித்தந்த கதையும் அதுதான்: ஏமாந்த ராஜாக்கள், தந்திரக்கார வெள்ளையர்கள். ஆனால் ஆவணங்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் கதை அப்படி இல்லை. வேங்கடபதி ராயர் ஏமாளி அல்லர். அவர் ஆடியது நன்றாக யோசித்த ஆட்டம். அது ஏன் பலிக்கவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இன்று அமெரிக்கா, சீனா, ரஷ்யா என்று பெரிய நாடுகள் கை நீட்டும்போது சிறிய நாடுகளும் நடுத்தர நாடுகளும் என்ன செய்வது என்று பேசுகிறோமே, அதற்கு நம் வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் கிடக்கிறது.

மிகவும் பக்கம். திருமலையில் பெருமாளைச் சேவித்துவிட்டுக் கீழே இறங்கியதும் திருச்சானூர் போய்த் தாயாரைச் சேவிக்காமல் ஊர் திரும்புகிற தமிழ்க் குடும்பம் குறைவு. திருச்சானூரை ஒட்டி ஓடும் சுவர்ணமுகி ஆற்றின் போக்குக்கு எதிராக மேற்கே போனால் சந்திரகிரி. திருப்பதியிலிருந்து சுமார் 15 கி.மீ. பாறை மலையின் அடிவாரத்தில் ராஜ மஹாலும் ராணி மஹாலும் இன்றும் நிற்கின்றன. ராஜ மஹால் மூன்று அடுக்கு. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் தவிர மரமே சேர்க்காமல் கட்டியது. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் தோற்று, ஹம்பி நகரம் அழிந்த பிறகு, விஜயநகரம் முதலில் பெனுகொண்டாவுக்கும் அங்கிருந்து சந்திரகிரிக்கும் வேலூருக்கும் தெற்கே நகர்ந்து வந்தது. 1586 முதல் 1614 வரை அரசாண்ட வேங்கடபதி ராயரின் காலத்தில் இந்த ஊர் ஒரு பேரரசின் தலைநகரம்.

அரசாங்கம் இடம் மாறியபோது கையெழுத்தும் மாறியது. ஹம்பி ராயர்களின் சாசனங்கள் ‘ஸ்ரீ விருபாக்ஷ’ என்று முடியும். வேங்கடபதியின் சாசனங்களில் இருப்பது ‘ஸ்ரீ வேங்கடேச’. அவருடைய பொற்காசிலும் வேங்கடேசுவரர் பெயர்தான். திருமலை தெய்வத்தின் பெயரில்தான் டச்சுக்காரரோடும் போர்த்துகீசியரோடும் பேச்சுவார்த்தை நடந்தது.

யார் யார் வந்தார்கள்?

1598-இல் மயிலாப்பூர் சாந்தோமிலிருந்து இயேசு சபைப் பாதிரியார்கள் சந்திரகிரிக்கு வந்தார்கள். ராயர் அவர்களை மரியாதையாக வரவேற்றார். செலவுக்கு மானியமும் கொடுத்தார். ஓவியத்தில் அவருக்கு ஆசை அதிகம் என்று தெரிந்ததும் சபை ஐரோப்பிய ஓவியர்களையே அனுப்பி வைத்தது. மதம் மாற்றலாம் என்ற நம்பிக்கையோடு வந்தவர்கள் பாதிரியார்கள். சாந்தோமிலும் கோவாவிலும் இருக்கும் போர்த்துகீசியரோடு பேச நம்பகமான வழி கிடைத்தது என்பது ராயரின் கணக்கு. வடக்கே அக்பர் தக்காணத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்; அவருடைய தூதர்களும் ராயரின் அரசவைக்கு வந்ததாகப் பாதிரியார்களின் கடிதங்கள் சொல்கின்றன. மொகலாயர் என்ற பெரிய நிழல் நீண்டு வரும்போது, கடல் பக்கம் ஒரு துணை இருக்கட்டும் என்று நினைத்தவரைக் குறை சொல்ல முடியாது.

போர்த்துகீசியரை மட்டும் நம்பியிருக்கவும் அவர் விரும்பவில்லை. 1610-இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் வணிகம் செய்ய அவரிடம் கவுல் என்ற அனுமதிப் பத்திரம் பெற்றார்கள். அந்தக் காலத்து அரசியலைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். போர்த்துகல் அப்போது ஸ்பெயின் அரசரின் ஆட்சியில் இருந்தது. டச்சுக்காரர்கள் அதே ஸ்பெயினை எதிர்த்துப் பல பத்தாண்டுகளாகப் போரிட்டு வந்தவர்கள். 1609-இல்தான் இரு தரப்பும் 12 ஆண்டுச் சண்டை நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டன. ஐரோப்பாவில் துப்பாக்கி ஓய்ந்தது; பழவேற்காட்டில் ஓயவில்லை. 1612 ஜூன் மாதம் சாந்தோமிலிருந்து போன போர்த்துகீசியர் டச்சுப் பண்டகசாலையைத் தாக்கி அழித்தார்கள். ராயரின் மண்ணில், ராயரின் கவுலை வைத்திருந்தவர்களைத் தாக்கினார்கள். தடுக்க ராயரிடம் ஒரு போர்க்கப்பலும் இல்லை. மறு ஆண்டே டச்சுக்காரர்கள் தங்கள் பாதுகாப்புக்கு என்று ஜெல்ட்ரியா கோட்டையை எழுப்பிவிட்டார்கள். பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும்.

இதற்கு நடுவில்தான் ஆங்கிலேயர் விஷயம். 1611 ஆகஸ்டில் ‘குளோப்’ என்ற கப்பல் பழவேற்காட்டுக்கு வந்தது. டச்சுத் தலைவர் ஒரு கவுலை எடுத்துக் காட்டினார். ஐரோப்பாவிலிருந்து யார் வந்தாலும் ஹாலந்தின் இளவரசர் மாரிஸ் கொடுத்த அனுமதிச் சீட்டு இல்லாமல் இங்கே வணிகம் செய்யக் கூடாது என்று அதில் ராயர் பெயரில் எழுதியிருந்தது. இந்த வரியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மனசு வலித்தது. நம் கரையில் யார் இறங்கலாம் என்பதை வேறு கண்டத்தில் இருக்கும் ஓர் இளவரசரின் கையெழுத்து முடிவு செய்யும் என்று நாமே எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஒரு வல்லரசோடு நட்பு வைப்பது வேறு. அடுத்தவரோடு நட்பு வைக்கும் உரிமையை அந்த வல்லரசின் கையில் கொடுப்பது வேறு.

ராயருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். 1614-இல் வந்த தங்கத் தகட்டை அப்படித்தான் படிக்க வேண்டும். டச்சுக்காரர் கோட்டை கட்டிவிட்டார்கள், போர்த்துகீசியர் நெருப்பு வைத்துவிட்டார்கள். மூன்றாவதாக ஒருவரைக் கொண்டுவந்து இருவரையும் சமன் செய்வோம் என்ற யோசனை. இன்றைய வெளியுறவுத் துறைகள் இதைத்தான் சமநிலைக் கொள்கை என்கின்றன.

உள்ளே இருந்த ஓட்டை

யோசனை சரி. அதை நிறைவேற்றும் அரசு சரியாக இல்லை.

பழவேற்காடு ராயரின் ராணியரில் ஒருவரான ஓபமாம்பாவின் பொறுப்பில் இருந்தது. அங்கே அவர் சார்பில் நிர்வாகம் பார்த்தவர் கொண்டம்மா என்ற பெண்மணி. ஆங்கிலக் கப்பல் வந்தபோது பேச்சுவார்த்தை நடந்தது அவரோடுதான். மசூலிப்பட்டினம் போன தூதர்களின் பையில் ராயரின் கடிதத்தோடு ராணியின் கடிதமும், ஜக்கராயர் முதலான பிரபுக்களின் கடிதங்களும் தனித்தனியே இருந்தன. ஒரே அரசிலிருந்து ஒரே நாளில் இத்தனை கடிதங்கள்! ஒவ்வொருவரும் வெளிநாட்டாரோடு தனக்கென்று ஒரு உறவு வைத்துக்கொள்ள விரும்பினார்கள். துறைமுகம் ஒருவர் கையில், சுங்கம் இன்னொருவர் கையில், படை மூன்றாமவர் கையில். எதிரே உட்கார்ந்திருந்த டச்சுக்காரருக்கோ ஆங்கிலேயருக்கோ ஒரே கும்பினி, ஒரே கணக்குப் புத்தகம்.

அந்த அக்டோபரிலேயே வேங்கடபதி ராயர் இறந்துபோனார். அவர் வாரிசாக நியமித்த ஸ்ரீரங்க ராயரை, ராணி வழி உறவினரான ஜக்கராயர் சிறையில் அடைத்துக் குடும்பத்தோடு கொன்றார். ராமதேவன் என்ற ஒரு சிறுவன் மட்டும் தப்பினான். வெலுகோட்டி யாசம நாயக்கர் ஏற்பாட்டில் ஒரு சலவைத் தொழிலாளி அவனைத் துணி மூட்டைக்குள் வைத்துச் சிறைக்கு வெளியே கொண்டுவந்தார். உள்நாட்டுப் போர் 1616-இல் காவிரிக் கல்லணைக்குப் பக்கத்தில் தோப்பூரில் வந்து நின்றது. மதுரையும் செஞ்சியும் ஒரு பக்கம், தஞ்சை ரகுநாத நாயக்கரும் யாசமரும் மறுபக்கம். சிறுவன் தரப்பு வென்றது. பேரரசு தோற்றது என்றுதான் சொல்வேன். அதற்குப் பிறகு பெரிய நாயக்கர்கள் பலர் ராயரின் சொல்லுக்குக் கட்டுப்படவில்லை.

1636-இல் வேறெங்கோ போட்ட கையெழுத்து

நம் வரலாற்றுப் பாடங்களில் சென்னையின் கதை 1639-இல் தொடங்கும். நான் 1636-லிருந்து தொடங்குவேன். அந்த ஆண்டு ஷாஜஹான் கோல்கொண்டா, பீஜப்பூர் சுல்தான்கள் இருவரையும் பணிய வைத்து உடன்படிக்கை செய்துகொண்டார். வடக்கு எல்லை அமைதியானதும் இரு சுல்தான்களின் படைகளும் தெற்கே திரும்பின. சந்திரகிரி அந்தப் பேச்சுவார்த்தையில் இல்லவே இல்லை. ஆனால் விலை கொடுத்தது சந்திரகிரிதான். பெரியவர்கள் தங்களுக்குள் சமாதானம் செய்துகொள்ளும் நாள் சிறியவர்களுக்கு ஆபத்தான நாளாகவும் இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் தென்னிந்திய வரலாற்றில் இல்லை.

இந்தப் பின்னணியில்தான் 1639 ஆகஸ்டில் ஆங்கிலக் கும்பினியின் பிரான்சிஸ் டே, வந்தவாசித் தலைவர் தாமர்லா வேங்கடப்ப நாயக்கரிடம் மதராசப்பட்டினத்துக்குக் கவுல் வாங்கினார். சந்திரகிரி ராஜா தன் மஹாலில் உட்கார்ந்து சென்னையைத் தூக்கிக் கொடுத்தார் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வது வழக்கம். முதல் கவுலைக் கொடுத்தவர் தாமர்லாதான். பேரரசராக அப்போது இருந்தவர் பெத்த வேங்கடராயர்.

தாமர்லா என்ன எதிர்பார்த்தார் என்பதை டேயின் கடிதமே விவரமாகச் சொல்கிறது. தன் நாடு வணிகத்தால் செழிக்க வேண்டும். பாரசீகத்துக் குதிரைகள் நல்லவையாக விலைக்குக் கிடைக்க வேண்டும். வங்கத்துப் பக்கம் போகும் ஆங்கிலக் கப்பல்களில் ஆண்டுதோறும் தன் ஆள் ஒருவரை அனுப்பி வல்லூறு, குரங்கு, கிளி போன்றவற்றை வாங்கிவரச் செய்ய வேண்டும். கடைசியாக, கோட்டை வலுவாக எழுந்துவிட்டால், அண்டைப் பகைவர்கள் நெருக்கும் நாளில் தனக்கு அது அடைக்கலமாக இருக்கும். கிளியையும் குரங்கையும் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அந்தக் கடைசி நிபந்தனையைப் பாருங்கள். கடலோரத்தில் பழவேற்காடு டச்சுக்காரரிடம், சாந்தோம் போர்த்துகீசியரிடம். நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பாளையத் தலைவர், தன் உயிருக்கு ஒரு புகலிடம் தேடுகிறார். அதற்காக அவர் கொடுத்தது சுங்கத்தில் பாதி, நாணயம் அடிக்கும் உரிமை, கோட்டை கட்டும் உரிமை.

பேரரசரின் வேலையை ஒரு பாளையத் தலைவர் தன் சொந்தத் தேவைக்காகச் செய்துவிட்டார் என்பதுதான் இதில் முக்கியம். 1642-இல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் ஸ்ரீரங்க ராயர் இதைச் சரிசெய்யப் பார்த்தார். கோல்கொண்டாவோடு ரகசியமாகப் பேசுகிறார் என்ற சந்தேகத்தில் தாமர்லாவைக் காவலில் வைத்தார். 1645-இல் ஹென்றி கிரீன்ஹில் என்ற கும்பினி அதிகாரி நேரில் வந்து கேட்டபோது, ராயர் தன் பெயரிலேயே புதிய கவுல் கொடுத்தார். அதில் மதராசை ‘ஸ்ரீரங்கராயப்பட்டணம்’ என்று தன் பெயரால் குறிப்பிட்டார். ஊர் என்னுடையது, அனுமதி மட்டும் உங்களுக்கு என்ற பொருளில். சட்டப்படி மிகச் சரியான நடவடிக்கை. ஆனால் காலம் கடந்துவிட்டது. 1646-இல் கோல்கொண்டாப் படைகளிடம் சந்திரகிரி விழுந்தது. அடுத்து கும்பினிக்காரர்கள் அதே உரிமைகளைக் கோல்கொண்டாத் தளபதி மீர் ஜும்லாவிடம் உறுதி செய்துகொண்டார்கள். கவுல் கொடுத்தவர் மாறினார், வாங்கியவர் மாறவில்லை.

அந்தக் கடைசி ஆண்டுகளில் ஸ்ரீரங்கர் தட்டாத கதவு இல்லை. தன்னை எதிர்த்த நாயக்கர்களை அடக்கச் செஞ்சிக்குப் புறப்பட்டார். மதுரைத் திருமலை நாயக்கர் கோல்கொண்டாவுக்கு ஆள் அனுப்பி ராயரின் முதுகுப் பக்கம் தாக்கச் சொன்னார். மஹாலையும் தெப்பக்குளத்தையும் தந்தவர் என்று நாம் கொண்டாடும் திருமலை நாயக்கரின் இந்தச் செயலையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். தன் வீட்டுச் சண்டைக்கு வெளியாளைக் கூப்பிட்டார். வந்தவர்கள் ராயரைத் தாக்கியதோடு நிற்கவில்லை, நாயக்கர் நாடுகளுக்குள்ளும் புகுந்தார்கள். பிற்பாடு ஸ்ரீரங்கர், தக்காணத்தில் இருந்த இளவரசர் ஔரங்கசீப் மூலமாக மொகலாயப் பாதுஷாவிடமே அடைக்கலம் கேட்டார். மொகலாயர்கள் அந்த விண்ணப்பத்தைச் சுல்தான்களிடம் பேரம் பேசப் பயன்படுத்திக்கொண்டார்கள். உதவி வரவில்லை.

கண்டியும் அம்பாந்தோட்டையும்

கடலுக்கு அப்பாலும் அதே ஆண்டுகளில் இதே கதை. 1638 மே மாதம் கண்டி மன்னர் இரண்டாம் ராஜசிங்கன், போர்த்துகீசியரைத் துரத்துவதற்காக டச்சுக்காரரோடு மட்டக்களப்பில் உடன்படிக்கை செய்தார். பிடிக்கும் கோட்டைகளில் டச்சுப் படை இருக்கலாம், மன்னர் விரும்பினால் மட்டும் என்பது அவருக்குக் கிடைத்த படியில் இருந்தது. டச்சு மொழிப் படியில் ‘மன்னர் விரும்பினால்’ என்ற நிபந்தனை இல்லை. 1640-இல் காலி, 1656-இல் கொழும்பு. இரண்டையும் டச்சுக்காரர்களே வைத்துக்கொண்டார்கள். இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கின கதை என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் சீன நிறுவனம் ஒன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனபோது, இந்தப் பழைய நினைவு பலருக்கும் வந்தது. இலங்கைக்குக் கிடைத்த தொகை 112 கோடி டாலர். சீனாவின் கடன் வலை என்று ஒரே வரியில் முடித்துவிடுவதை நான் ஏற்கவில்லை. இலங்கையின் வெளிக்கடனில் பெரும் பங்கு சர்வதேசச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்கள். துறைமுகம் கைமாறியதற்கு, அதற்கு முன்பே உள்ளே வரவு செலவு சீர்கெட்டதே காரணம். 2022 ஆகஸ்டில் சீனாவின் ‘யுவான் வாங் 5’ கப்பல் அங்கே வந்தபோது, இந்தியா கவலை தெரிவித்தது, சீனா வற்புறுத்தியது, கொழும்பு முதலில் தள்ளிப்போடச் சொல்லிப் பிறகு அனுமதித்தது. கஜானா காலியான அரசுக்கு அதற்கு மேல் என்ன பேசும் சக்தி இருக்கும்?

திருப்பதிப் பள்ளியிலிருந்து மாஸ்கோவுக்கு

இதே மண்ணிலிருந்து மறுபக்கத்துக்கும் ஒரு சான்று உண்டு. திருத்தணியில் பிறந்து, திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1949-இல் சோவியத் ஒன்றியத்துக்கு இந்தியத் தூதராகப் போனார். அவருக்கு முன் அங்கே இருந்த விஜயலட்சுமி பண்டிட்டுக்கு ஸ்டாலினைச் சந்திக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. புதிதாக விடுதலை பெற்ற இந்தியாவை, பிரிட்டனின் வாலாகவே மாஸ்கோ பார்த்தது. 1950 ஜனவரியில் ஸ்டாலின் இந்தத் தத்துவப் பேராசிரியரைச் சந்தித்தார். 1952 ஏப்ரலில் விடைபெறும்போதும் சந்தித்தார்.

இதை ஒரு மனிதரின் சாமர்த்தியம் என்று மட்டும் சொல்லக் கூடாது. 1951-இல் நாட்டில் உணவுப் பஞ்சம். அமெரிக்காவிடம் கோதுமை கேட்டது இந்தியா. அங்கே நாடாளுமன்ற விவாதம் இழுத்துக்கொண்டே போனது. சோவியத் ஒன்றியம் கோதுமை அனுப்ப முன்வந்தது. அமெரிக்காவும் அந்த ஜூனில் 19 கோடி டாலர் கடனுதவிச் சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டு கோதுமையும் வந்தன. அதற்காக எந்தத் துறைமுகத்தையும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. வேங்கடபதி ராயர் செய்ய நினைத்ததும் இதையேதான். அவருக்கு இல்லாமல் போனது ராதாகிருஷ்ணனுக்குப் பின்னால் இருந்தது: ஒரே அரசு, ஒரே கஜானா, பிரதமர் ஒன்றும் அமைச்சர் இன்னொன்றும் சொல்லாத ஒரே குரல். இருபது ஆண்டு கழித்து, 1971 ஆகஸ்ட் 9-இல் இந்திய சோவியத் நட்புறவு உடன்படிக்கை கையெழுத்தானது. அதற்கு அடித்தளம் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

இந்த அளவுகோலை இன்றைக்கும் பயன்படுத்தலாம். ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கை எப்படி இருக்கிறது என்று பார்க்க, யார் யாரைக் கட்டித் தழுவினார்கள் என்ற படங்களைப் பார்க்க வேண்டாம். கடன் யாரிடம் இருக்கிறது, துறைமுகச் சாவி யாரிடம் இருக்கிறது, உள்நாட்டுச் சண்டைக்கு வெளியாளைக் கூப்பிடும் ஆட்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

ஒவ்வோர் ஆகஸ்ட் 22-ஆம் தேதியும் சென்னை தன் பிறந்தநாளைக் கொண்டாடுகிறது. அந்தக் கொண்டாட்டத்தில் சந்திரகிரிக்கும் பழவேற்காட்டுக்கும் பள்ளி மாணவர்களை அழைத்துப் போகும் ஒரு பயணம் சேர வேண்டும். தமிழ்நாடு, ஆந்திரம் இரண்டின் சுற்றுலாத் துறைகளும் சேர்ந்து செய்யக்கூடிய சிறிய வேலை இது. 1639, 1645 கவுல்களின் வாசகமும், ஃப்ளோரிஸ் குறித்த அந்தத் தங்கத் தகட்டின் செய்தியும் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி ராஜ மஹாலில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தால், வழிகாட்டிகள் சொல்லும் கதையும் தானாகத் திருந்தும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை திருச்சானூர் போகும்போது இரண்டு மணி நேரம் ஒதுக்கிச் சந்திரகிரிக்குப் போய்வாருங்கள். ராஜ மஹாலில் இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. தாயாருக்கு உகந்த நாள் என்று பலரும் வெள்ளிக்கிழமைதான் திருச்சானூர் வருவார்கள். அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. வேறு ஒரு நாளாகப் பார்த்துப் புறப்படுங்கள்.